சீனி தூவிய பாதாம் பிஸ்கட்டும் சமையல் குறிப்பின் நீண்ட கதையும்

சீனிப்பொடி தூவிய பாதாம் வெண்ணெய் பிஸ்கட்டுக்கு வேண்டிய பொருள்கள் நான்கே: மைதா, வெண்ணெய், சீனி, பாதாம். முட்டை சேர்ப்பதில்லை, பாலோ தண்ணீரோ ஊற்றுவதில்லை, சோடா மாவும் வேண்டாம். வெந்து ஆறியதும் மேலே பொடித்த சீனியைக் கனமாகத் தூவுவார்கள். வாயில் போட்டால் பல் படுவதற்கு முன்பே உதிரத் தொடங்கும். கிரேக்கர்கள் கிறிஸ்துமஸுக்கும் கல்யாணத்துக்கும் தட்டில் குவித்துவைக்கும் குராபியேதெஸ், வியன்னா நகரத்தின் பிறை வடிவ வெனிலா கிப்ஃபெல், மெக்சிகோவின் கல்யாண பிஸ்கட் எல்லாம் இந்த ஒரே குடும்பம். திண்டுக்கல்லிலும் இதற்கு நெருங்கிய சொந்தம் உண்டு. டீக்கடை வாசலில் கண்ணாடி ஜாடிக்குள் இருக்கும் நெய் பிஸ்கட்தான் அது. வடக்கே அதையே நான்கட்டாய் என்கிறார்கள். அதில் பாதாம் இருக்காது, மேலே சீனி தூவியிருக்காது. மாவும் கொழுப்பும் சீனியும் தண்ணீரில்லாமல் சேர்ந்த உதிரித்தன்மை மட்டும் அப்படியே இருக்கும்.

வீட்டில் ஒரு ஈடு செய்ய 250 கிராம் மைதா, 200 கிராம் வெண்ணெய், தோலுரித்துப் பொடித்த பாதாம் 100 கிராம், பொடித்த சீனி 75 கிராம், ஒரு சிட்டிகை உப்பு போதும். மேலே தூவுவதற்குத் தனியாக 100 கிராம் சீனிப்பொடி வேண்டும். ஐரோப்பியக் குறிப்புகளில் வாசனைக்கு வெனிலாவோ பன்னீரோ வரும். இங்கே நான்கு ஏலக்காயைத் தட்டிப் போட்டால் பிஸ்கட் இந்த ஊர்ப் பலகாரமாகிவிடும். 15 கிராம் உருண்டையாகப் பிடித்தால் சுமார் 40 பிஸ்கட் கிடைக்கும்.

மாவுக்குக் கிட்டத்தட்ட ஈடாக வெண்ணெய் சேர்ப்பது தாராளத்தால் அல்ல. மைதாவில் தண்ணீர் பட்டுப் பிசைந்தால் அதிலுள்ள புரதம் இழைகளாக நீண்டு பின்னிக்கொள்ளும். பரோட்டா மாவு காகிதம்போல் விசிற வருவது அந்த இழைகளின் வேலை. பிஸ்கட்டுக்கு இது நேர் எதிரி. மாவின் ஒவ்வொரு துகளையும் கொழுப்பு முதலில் சூழ்ந்துகொண்டால் ஈரம் உள்ளே போக வழியில்லை, இழை உருவாவதில்லை, வெந்தபின் பிடித்துவைக்க ஒன்றுமில்லாததால் பிஸ்கட் உதிர்கிறது. ஆகவே பரோட்டாவுக்கு மாவை அடித்துப் பிசைபவர் இங்கே கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். மாவு ஒன்றுசேர்ந்ததும் நிறுத்திவிடுவதே முறை.

வெண்ணெயிலும் தரம் பார்க்க வேண்டும். பாக்கெட் வெண்ணெயில் நூற்றுக்கு எண்பது பங்குக்குக் குறையாமல் கொழுப்பு இருக்கும். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். வீட்டில் தயிர் கடைந்து எடுக்கும் வெண்ணெயில் மோர் இன்னும் கூடுதலாகத் தங்கியிருக்கும். அதைக் குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, கையால் அழுத்தி நீரை வடித்த பிறகே அளக்க வேண்டும். இல்லாவிட்டால் 200 கிராம் என்று நினைத்துப் போட்டதில் வெண்ணெயும் குறையும், வேண்டாத ஈரமும் சேரும். நெய்யில் தண்ணீர் ஏறக்குறைய இல்லவே இல்லை. அதனால்தான் நெய் பிஸ்கட் வெண்ணெய் பிஸ்கட்டைவிட மணல்மணலாக உதிர்கிறது. வெண்ணெய்க்குப் பதில் நெய் சேர்ப்பதானால் ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக்கொள்வது கணக்கு: 200 கிராமுக்கு 160.

திண்டுக்கல் சமவெளியில் இந்தப் பிஸ்கட்டுக்கு முதல் எதிரி வெயில். வெண்ணெய் 32 டிகிரியை ஒட்டி உருகத் தொடங்கும். சித்திரை, வைகாசியில் இங்கே பகல் வெப்பம் 37, 38 டிகிரியைச் சாதாரணமாகத் தொடுகிறது. அடுக்களைக்குள் இன்னும் அதிகம். குளிர்நாட்டுக் குறிப்பில் ‘அறை வெப்பத்தில் உள்ள வெண்ணெய்’ என்று எழுதியிருக்கும். அந்தச் சொல்லை நம்பி நண்பகலில் வேலையை ஆரம்பித்தால் கிண்ணத்தில் இருப்பது வெண்ணெயாக இருக்காது, எண்ணெயாக இருக்கும். உருகிய வெண்ணெயில் காற்றை அடித்து ஏற்ற முடியாது. பிடித்த உருண்டையும் சூட்டில் வடிவம் இழந்து தட்டையாகப் பரவிவிடும். இதே மாவட்டத்தில், 2,000 மீட்டருக்கு மேல் இருக்கும் கொடைக்கானலில், அந்த வரியை எழுத்துப் பிசகாமல் பின்பற்றலாம். வத்தலக்குண்டிலோ வேடசந்தூரிலோ இருப்பவர் விடியற்காலையில் மாவு சேர்த்து, அரைமணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்த பிறகு உருட்டுவதே நல்லது.

செய்முறை நீளமானதல்ல. பாதாமைக் கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் போட்டு வடித்தால் தோல் விரல் நுனியில் வழுக்கிக் கழன்று வரும். உரித்ததை நிழலில் நன்றாக உலர்த்தி, மிக்சியில் விட்டுவிட்டுச் சுற்ற வேண்டும். பாதாமின் எடையில் பாதி எண்ணெய். தொடர்ந்து ஓடவிட்டால் பொடிக்குப் பதில் பசைதான் வரும். இரண்டு ஸ்பூன் சீனியைச் சேர்த்து அரைத்தால் அந்த எண்ணெயை அது வாங்கிக்கொள்ளும். பிறகு வெண்ணெயையும் சீனிப்பொடியையும் நிறம் வெளுக்கும்வரை குழைத்து, பாதாம்பொடி, உப்பு, ஏலக்காய், சலித்த மைதா என்ற வரிசையில் சேர்த்து, விரல் நுனியால் கூட்டினால் மாவு தயார். அமுக்கிப் பிடித்தால் நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உடைய வேண்டும். அந்தப் பதம் வராமல் பொலபொலவென்று இருந்தால் ஒரு ஸ்பூன் வெண்ணெய் கூட்டலாம். பால் தெளிக்கக் கூடாது.

ஓவன் இருந்தால் 160 முதல் 170 டிகிரிக்குள் 15, 18 நிமிடம். மேல்பக்கம் சிவக்கக் கூடாது. அடிப்பக்கம் மட்டும் மணல் நிறத்துக்கு வந்தால் போதும். ஓவன் இல்லாத வீடுகளில் பிரஷர் குக்கர் அந்த வேலையைச் செய்கிறது. கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் கல்லுப்போ மணலோ பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்துப் பத்து நிமிடம் காயவிட்டு, பிறகு தட்டை இறக்கிச் சிறுதீயில் 20, 25 நிமிடம் வைப்பார்கள். சூடு அடியிலிருந்து மட்டுமே வருவதால் மேல்பக்கம் வெளுப்பாகவே நிற்கும். மற்ற பிஸ்கட்டுக்கு இது குறை. இந்தப் பிஸ்கட்டுக்குக் கேட்காமல் கிடைத்த வசதி.

வெந்தவுடன் பிஸ்கட் மிக மென்மையாக இருக்கும், தொட்டால் உடையும். தட்டிலேயே பத்து நிமிடம் ஆறவிட வேண்டும். சீனியை இருமுறை தூவ வேண்டும் என்பதில்தான் சூட்சுமம். வெதுவெதுப்பாக இருக்கும்போது தூவும் முதல் சுற்று, மேலே கசிந்திருக்கும் வெண்ணெயில் ஒட்டிக்கொண்டு மெல்லிய பூச்சாக நிற்கும். முழுக்க ஆறியபின் தூவும் இரண்டாவது சுற்று அந்தப் பூச்சின்மேல் வெள்ளையாக உட்காரும். கொதிக்கக் கொதிக்கத் தூவினால் சீனி இளகிப் பசையாகிவிடும். முழுக்க ஆறியபின் மட்டும் தூவினாலோ தட்டில் பாதி, துணியில் பாதி. கடையில் விற்கும் ஐசிங் சுகரில் கட்டி விழாமலிருக்கச் சிறிது சோளமாவு கலந்திருக்கும். வீட்டில் பொடிப்பவரும் 100 கிராமுக்கு ஒரு ஸ்பூன் சேர்த்துக்கொண்டால், மழைக்காலத்தில்கூடச் சீனி ஈரம் கோர்க்காமல் இருக்கும்.

விறகு அடுப்பு வைத்திருக்கும் பழைய பேக்கரிகளில் வேலை வேறு விதமாக ஓடும். செங்கல் அறைக்குள் விறகை எரித்து, தணலை ஒதுக்கிவிட்டு, கல்லில் ஏறிய சூட்டிலேயே வேகவைப்பார்கள். சூடு உச்சத்தில் இருக்கும்போது ரொட்டியும் பன்னும். இறங்கிய பிறகு பிஸ்கட். கடைசியாக மிஞ்சும் வெதுவெதுப்பில் ரஸ்க் காயும். அந்த அடுப்புக்கு வெப்பமானி கிடையாது. ஒரு கை மாவை உள்ளே வீசி, அது எவ்வளவு நேரத்தில் சிவக்கிறது என்பதைப் பார்த்து மாஸ்டர் தட்டை ஏற்றுவார். நெய் பிஸ்கட்டின் மேலே விழும் வெடிப்புக்குப் பல பேக்கரிகளில் ‘அமோனியா’ என்று சொல்லும் உப்பைச் சேர்ப்பார்கள். சூடுபட்டதும் அது முழுக்க வாயுவாகிப் பறந்து, போகும் வழியில் மாவைத் தூக்கிவிட்டுப் போகும். பாதாம் பிஸ்கட்டுக்கு அது தேவையில்லை. பாதாம் துகள்களே மாவின் கட்டைத் தளர்த்திவிடுகின்றன.

இந்தக் குடும்பத்தின் பூர்வீகம் மேற்கு ஆசியா. 1226-ஆம் ஆண்டில் பாக்தாதில் முகம்மது பின் ஹசன் அல்-பாக்தாதி எழுதிய சமையல் நூலில், குஷ்கனானஜ் என்ற பலகாரம் வருகிறது. ஒரு ராத்தல் மாவுக்கு மூன்று ஊக்கியா நல்லெண்ணெய். அதாவது நாலுக்கு ஒன்று. உள்ளே பாதாமும் சர்க்கரையும் பன்னீரும் வைத்து அடுப்பில் சுடுவார்கள். அரபு நாடுகளில் இன்றும் நெய், மாவு, சர்க்கரை மட்டும் சேர்த்துச் செய்யும் குரைபா இருக்கிறது. துருக்கி வழியாக அந்தக் கலவை கிரேக்கத்துக்குப் போய் மேலே சீனியைப் போர்த்திக்கொண்டது. ஸ்பெயினில் அதே கலவை பன்றிக் கொழுப்பும் வறுத்த மாவுமாகப் போல்வொரோன் ஆனது.

அந்த வறுத்த மாவு கவனிக்கத்தக்கது. அடுப்பில் வைப்பதற்கு முன்பே மாவை வறுத்துக்கொள்ளும் முறை தமிழ்நாட்டு அடுக்களைக்கு அன்னியமில்லை. பாசிப்பருப்பை வறுத்துத் திரித்து, பொடித்த சீனியும் ஏலக்காயும் கலந்து, சூடான நெய்யை ஊற்றிக் கையால் இறுக்கிப் பிடிக்கும் மாவுருண்டையில் இருப்பது என்ன? மாவு, கொழுப்பு, சீனி, தண்ணீர் கிடையாது, வாயில் உதிரும். ஓவனில் சுடும் நாட்டில் அந்தக் கலவை பிஸ்கட்டாகவும், வாணலியில் வறுக்கும் நாட்டில் உருண்டையாகவும் நின்றுவிட்டது என்றே சொல்லலாம். ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்பதல்ல. ஒரே கணக்கை இரண்டு அடுக்களைகள் தனித்தனியாகப் போட்டுப் பார்த்திருக்கின்றன.

இந்தியாவுக்கு ஓவனில் சுட்ட வடிவம் துறைமுகங்கள் வழியாக வந்தது. சூரத்தில் டச்சுக்காரர்கள் நடத்திய பேக்கரியை அவர்கள் கிளம்பும்போது ஃபராம்ஜி பெஸ்தோன்ஜி தோட்டிவாலா என்ற பார்சியிடம் விட்டுச்சென்றதாகவும், கள் ஊற்றிப் பொங்கவைத்த அவரது ரொட்டிக்குக் கிராக்கி குறைந்தபோது உலர்ந்த பிஸ்கட்டும் நான்கட்டாயும் பிறந்ததாகவும் ஒரு வரலாறு சொல்லப்படுகிறது. மலபார் கரையில் 1880-இல் மாம்பள்ளி பாப்பு தலச்சேரியில் ராயல் பிஸ்கட் பேக்டரியைத் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் தோட்ட முதலாளி மர்டாக் பிரவுனுக்காகக் கிறிஸ்துமஸ் கேக் செய்துகொடுத்ததும் அவரே. கேரளத்து பேக்கரிக்காரர்கள் பிறகு தமிழ்நாட்டு ஊர்களெங்கும் கடை போட்டார்கள். ஆனால் பிஸ்கட்டின் நெய் எங்கே போனது என்று கேட்டால், 1937-இல் சந்தைக்கு வந்த டால்டாவைத்தான் காட்ட வேண்டும். நெய்யைப் போலவே உறைந்து நிற்கும், விலையோ நெய்யில் ஒரு சிறு பங்கு. பெயர் நெய் பிஸ்கட்டாகவே நிற்க, உள்ளே இருந்த பொருள் மாறிவிட்டது.

பொருளை மாற்றியும் நன்றாக வந்த உதாரணம் தூத்துக்குடியில் இருக்கிறது. ஐரோப்பாவில் மக்ரூன் என்பது பாதாமையும் முட்டை வெள்ளையையும் சீனியையும் அடித்துச் சுடுவது. போர்த்துகீசியர்களும், 1658 முதல் டச்சுக்காரர்களும் இருந்த அந்தத் துறைமுக ஊரில் பாதாம் இருந்த இடத்தில் முந்திரி உட்கார்ந்தது. முந்திரியே போர்த்துகீசியர்கள் பிரேசிலிலிருந்து கொண்டுவந்து நட்ட மரம்தான். இன்று தூத்துக்குடி மக்ரூன் என்றால் முந்திரிதான். அதை யாரும் மாற்றுப்பொருள் என்று நினைப்பதில்லை. பாதாம் பிஸ்கட்டிலும் இந்த வழி திறந்தே இருக்கிறது. இந்தியாவில் விற்கும் பாதாமில் பெரும்பகுதி கலிபோர்னியாவிலிருந்து வருவது. விலையும் அதற்கேற்ப இருக்கும். பாதிக்குப் பாதி முந்திரி போட்டால் பிஸ்கட் இன்னும் மெதுவாக வரும். திண்டுக்கல் வட்டாரத்திலேயே விளையும் நிலக்கடலையை வறுத்துத் தோல் புடைத்துப் பொடித்துப் போட்டால் ருசி வேறாகிவிடும்; ஆனால் கொழுப்பின் கணக்கு ஏறக்குறைய அதேதான் என்பதால் பிஸ்கட் கெடாது.

இந்தச் செய்முறை 75 கிராம், 160 டிகிரி, 15 நிமிடம் என்று எழுதப்படுவது மனிதர்கள் குறிப்பு எழுதிய காலத்தில் மிகச் சமீபத்திய வழக்கம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் பாபிலோனியக் களிமண் பலகைகள் சுமார் 3,700 ஆண்டுகளுக்கு முந்தையவை. உலகில் கிடைத்துள்ள மிகப் பழைய சமையல் குறிப்புகளில் அவை அடங்கும். ஒரு பலகையில் 25 குழம்புகள் இருக்கின்றன. இறைச்சி, தண்ணீர், கொழுப்பு, பூண்டு என்று பொருள்கள் வரிசையாக வருகின்றன. எவ்வளவு, எவ்வளவு நேரம் என்பது பெரும்பாலும் இல்லை. எழுதியவருக்கு அது தெரியாமல் இல்லை. படிப்பவருக்கும் தெரியும் என்பதால் எழுதவில்லை. சமையல் குறிப்பின் நீளம், அதைப் படிப்பவருக்கு ஏற்கெனவே எவ்வளவு தெரியும் என்பதைப் பொறுத்தே கூடிக் குறைந்து வந்திருக்கிறது.

தமிழில் சமையல் நூல் இருந்ததைப் பற்றிய பேச்சு பத்துப்பாட்டிலேயே உண்டு. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில், நல்லியக்கோடன் பாணர்களுக்கு இட்ட விருந்து, அருச்சுனனின் அண்ணன் வீமன் இயற்றிய நுட்பமான நூல் முறை வழுவாமல் சமைத்தது என்று வருகிறது. அந்த நூல் நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருப்பவை கல்வெட்டுகள். 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வரகுண பாண்டியரின் அம்பாசமுத்திரக் கல்வெட்டு, கோயில் நிவேதனத்துக்கு அரிசி, பருப்பு, நெய், தயிர், வாழைப்பழம், சர்க்கரை, காயம் ஆகியவை இவ்வளவு இவ்வளவு என்று அளவோடு விதிக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலிலும் பின்னாளில் திருமலையிலும் இப்படிப்பட்ட கணக்குகள் நிறைய உண்டு. நாழி, உழக்கு, ஆழாக்கு, பலம் என்று அளவு துல்லியமாக இருக்கும். எப்படிச் சமைப்பது என்பது மட்டும் இருக்காது. அது மடைப்பள்ளிக்காரரின் வேலை. கல்வெட்டு பண்டாரத்திலிருந்து பொருள் எடுத்துக்கொடுப்பவருக்காக எழுதியது. பாபிலோன் பலகையில் அளவு விடுபட்டது. இங்கே செய்முறை விடுபட்டது.

அரண்மனை நூல்களில் வேறு நோக்கம். 12-ஆம் நூற்றாண்டில் கல்யாணிச் சாளுக்கிய மன்னர் மூன்றாம் சோமேசுவரர் பெயரில் உள்ள மானசோல்லாசத்தில் உணவு ஒரு அரச போகமாகவே வருகிறது. 1500-ஐ ஒட்டி மாளவத்தின் மாண்டுவில் எழுதப்பட்ட நிமத்நாமாவில் சுல்தான் சமையலை மேற்பார்வையிடும் ஓவியங்கள் உண்டு. அக்பரின் அமைச்சர் அபுல் ஃபசல் 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் முடித்த அயினி அக்பரி மட்டும் கணக்குப்பிள்ளை கையில் எழுதியதுபோல் இருக்கிறது. சர்தா பிரிஞ்ச் என்ற இனிப்புச் சோற்றுக்கு 10 சேர் அரிசி, 5 சேர் கற்கண்டு, மூன்றரைச் சேர் நெய், திராட்சையும் பாதாமும் பிஸ்தாவும் அரைச்சேர் வீதம் என்று பட்டியலிட்டு, இது நான்கு தட்டு ஆகும் என்றும் சொல்லிவிடுகிறது. இத்தனை பேருக்கு இவ்வளவு என்று இன்று குறிப்பின் தலையில் எழுதுகிறோமே, அதன் பழைய வடிவம் இது.

பொருள்களைத் தனிப் பட்டியலாகப் பிரித்துப்போடும் வழக்கம் அச்சுக் காலத்தில் நிலைத்தது. 1845-இல் இங்கிலாந்தில் எலைசா ஆக்டன் ஒவ்வொரு குறிப்பின் முடிவிலும் பொருளையும் அளவையும் நேரத்தையும் தொகுத்துக் கொடுத்தார். 1861-இல் இசபெல்லா பீட்டன் அந்தப் பட்டியலை வேறுபடுத்தி அச்சிட்டதோடு ஆகும் செலவையும் குறித்தார். 1896-இல் பாஸ்டனில் ஃபேனி ஃபார்மர், கோபுரமாக அள்ளாமல் கத்தியால் சீவிச் சமன்படுத்திய கப், ஸ்பூன் அளவை வற்புறுத்தினார். குழம்புக்கு இது பெரிய விஷயமில்லை. உப்புக் குறைந்தால் பிறகு போட்டுக்கொள்ளலாம். பிஸ்கட்டில் அந்தச் சலுகை இல்லை. அடுப்புக்குள் போனபின் திருத்த முடியாது. துல்லிய அளவுக்கு மேலைநாட்டுச் சமையல் நூல்கள் முதலில் மெனக்கெட்டதற்கு, அங்கே வீட்டுச் சமையலில் பேக்கிங் பெரும்பங்கு வகித்ததும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

சென்னை மாகாணத்தில் இந்த மரபில் வந்த முக்கியமான நூல், ராணுவ அதிகாரி ஆர்தர் கென்னி-ஹெர்பர்ட் ‘வைவெர்ன்’ என்ற புனைபெயரில் 1878-இல் வெளியிட்டது. சென்னையில் குடியிருந்த ஆங்கிலக் குடும்பங்களுக்காக, உள்ளூர்ச் சமையல்காரரை வைத்துக்கொண்டு ஐரோப்பியச் சாப்பாடு செய்யும் வழிகளை அது சொல்லிற்று. அத்தகைய குடும்பங்கள் இந்த வட்டாரத்துக்கு வந்துபோகவும் வழி இருந்தது: அந்த நூலுக்கு மூன்றாண்டு முன்பே, 1875-இல், திருச்சி–மதுரை ரயில்பாதை திண்டுக்கல் வழியாகத் திறந்திருந்தது. கொடைக்கானலுக்குப் போகும் வெள்ளைக்காரர்கள் அம்மையநாயக்கனூரில் இறங்கிப் போனார்கள். கொடை ரோடு ஸ்டேஷன் என்று இன்று எல்லோரும் அறிந்தது அதுதான்.

தமிழ் வீட்டுக்கு வந்த பெரிய திருப்பம் 1951-இல் வெளியான எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’. அதற்கு முன்பும் தமிழில் பாகசாஸ்திர நூல்கள் உண்டு. ஆனால் மாமியாரோ அம்மாவோ பக்கத்தில் இல்லாமல் தனிக்குடித்தனம் போன பெண்ணை மனதில் வைத்து, எது எத்தனை, எதற்குப் பின் எது, எப்போது இறக்குவது என்று அடியடியாகச் சொன்ன நூல் அது. கல்யாணச் சீரோடு அந்தப் புத்தகத்தையும் கொடுத்தனுப்பிய வீடுகள் பல. கல்வெட்டு விட்டதையும் பலகை விட்டதையும் ஒருசேர எழுத வேண்டி வந்ததற்குக் காரணம், படிப்பவருக்கு அருகில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் போனதே.

அளவுகளும் அந்தக் காலகட்டத்தில்தான் மாறின. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி என்பது கணக்கு. ஆனால் சின்னப்படி, பெரிய படி என்று ஊருக்கு ஊர் படியே வேறாக இருந்தது. பலமும் ரூபாய் எடையும் புழங்கிய சமையலறைக்கு 1956-ஆம் ஆண்டின் அளவைச் சட்டம் கிலோவையும் லிட்டரையும் கொண்டுவந்தது. 1960-களின் தொடக்கத்தில் கடைகளில் அவை கட்டாயமாயின. அதன்பிறகு வந்த பெண்கள் பத்திரிகைகளின் ‘30 வகை’ இணைப்புகளில் கப், டீஸ்பூன், கிராம் மூன்றும் கலந்தே வருகின்றன. பொரியலுக்குக் கப் சரி. பிஸ்கட்டுக்கு மைதாவை அமுக்கி அள்ளிய கப்புக்கும் சலித்து நிரப்பிய கப்புக்கும் 30, 40 கிராம் வரை வித்தியாசம் வரும். இந்தப் பிஸ்கட்டை முதல்முறை செய்பவர் பாத்திரம் வாங்குவதற்கு முன் ஒரு சின்னத் தராசு வாங்கிக்கொள்ளலாம்.

குறிப்பு சட்ட ஆவணமாகவே மாறிய உதாரணம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே இருக்கிறது. பழனி பஞ்சாமிர்தம் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது; தமிழ்நாட்டுக் கோயில் பிரசாதங்களில் முதலாவது. மலைவாழை, நாட்டுச்சர்க்கரை, பசுநெய், தேன், ஏலக்காய், கூடவே பேரீச்சையும் கற்கண்டும். தண்ணீர் ஒரு சொட்டுச் சேர்ப்பதில்லை. விருப்பாச்சி மலைவாழையில் மற்ற வாழைகளைவிட ஈரம் குறைவு. சர்க்கரையும் தேனும் இருக்கும் ஈரத்தையும் கட்டிவைத்துக்கொள்ளும். அதனால்தான் பஞ்சாமிர்தம் குளிர்சாதனப் பெட்டி இல்லாமலே பல நாள் நிற்கிறது. பாதாம் பிஸ்கட் மூடிய டப்பாவில் இரண்டு வாரம் கெடாமல் இருப்பதற்கும் அடிப்படை அதுதான். ஒன்று குழைவு, மற்றது உதிரி. இரண்டிலும் நுண்ணுயிர்களுக்கு வேண்டிய தண்ணீர் கிடைப்பதில்லை. மார்கழியில் செய்து கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் கொடுப்பவர்கள், ஆறுவதற்கு முன் டப்பாவை மூடிவிடாமல் இருந்தால் போதும். சூட்டோடு மூடினால் ஆவி உள்ளேயே நீராகி, தூவிய சீனி முதலில் கரையும்.

இன்று மிக அதிகமான பேர் பார்க்கும் சமையல் குறிப்பு பாக்கெட்டின் பின்பக்கத்தில் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, சேர்ந்துள்ள பொருள்களை எடையில் கூடியது முதல் குறைந்தது வரை இறங்கு வரிசையில் அச்சிட வேண்டும். அளவு பெரும்பாலும் இருக்காது, செய்முறையும் இருக்காது. வரிசை ஒன்றே பலவற்றைச் சொல்லிவிடும். நெய் பிஸ்கட் என்று முகப்பில் பெரிய எழுத்தில் போட்டு, பின்னால் மைதா, சீனி, தாவர எண்ணெய் என்று ஓடி, உப்புக்கு அருகில் நெய் வந்தால் விஷயம் விளங்கிவிடும். வனஸ்பதி போன்ற கொழுப்புகளில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 ஜனவரி முதல் நூற்றுக்கு 2 என்ற உச்சவரம்பு இருக்கிறது. கண்ணாடி ஜாடியிலிருந்து உதிரியாக எடுத்துக்கொடுக்கும் பிஸ்கட்டுக்கு இந்தச் சீட்டு கிடையாது. அதில் போட்டது நெய்யா, வனஸ்பதியா என்பதைக் கடைக்காரரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லையென்றால் ஒரு துண்டை வாயில் வைத்துப் பார்க்கலாம். நெய் உடல்சூட்டில் உருகிவிடும். வனஸ்பதி அதைவிடக் கூடுதல் சூட்டில் உருகுவதால் மேலண்ணத்தில் மெழுகாக ஒட்டிக்கொண்டு நிற்கும்.